வோர்டிகெர்னுக்காக ஒரு வக்காலத்து

பிரிட்டன் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆசாமி வோர்டிகெர்ன். அப்படி ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தானா என்பதிலேயே வரலாற்றாளர்களுக்குள் தகராறு உண்டு. வாழ்ந்திருந்தால் ஐந்தாம் நூற்றாண்டில், ரோமானியர்கள் கைவிட்டுப் போன பிரிட்டனில், கொஞ்சம் பெரிய ராஜாவாக இருந்திருக்க வேண்டும். அவனைப் பற்றி ஊர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சாக்சன்களைக் கூப்பிட்டுவந்து நாட்டைக் கெடுத்தவன். இங்கிலாந்து என்று ஒரு தேசம் உருவானதற்கே இவன் ஒரு ராத்திரி அளவுக்கு மீறிக் குடித்ததுதான் காரணம் என்கிற அளவுக்குப் போகிறது அந்தப் பழி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 407-இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் என்பவன் தானே பேரரசன் என்று கிளம்பி, பிரிட்டனில் இருந்த ரோமானியப் படையைத் திரட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனான். போன படை திரும்பவில்லை. வடக்கே பிக்ட்டுகள், மேற்கே அயர்லாந்திலிருந்து ஸ்காட்டுகள், இரண்டு பக்கமும் கொள்ளை. வோர்டிகெர்ன் கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து சண்டைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறான், இவர்கள்தான் சாக்சன்கள். 449-இல் மூன்று கப்பலில் ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்று அண்ணன் தம்பி இருவர் தங்கள் ஆட்களோடு வந்து இறங்குகிறார்கள். கென்ட் கரையோரமாக இருந்த தானெட் தீவு அவர்களுக்குக் கிடைக்கிறது. எதிரிகளை அடித்து விரட்டுகிறார்கள், சரி, கூலிக்கு வேலை செய்தாயிற்று. அப்புறம் சொந்த ஊருக்கு ஆள் அனுப்புகிறார்கள்: மண் நல்ல மண், இங்கே இருப்பவர்கள்தான் பயந்தாங்கொள்ளிகள், கிளம்பி வாருங்கள். அடுத்து வந்த 16 கப்பல்களில் ஹெங்கிஸ்ட்டின் அழகான மகளும் வருகிறாள். விருந்து நடக்கிறது, அவள் கையால் மது ஊற்றுகிறாள், ராஜா தலைகால் தெரியாமல் குடித்துவிட்டு அவளைக் கட்டிவைக்கச் சொல்கிறான், பெண்ணுக்கு விலையாகக் கென்ட் நாடு முழுவதையும் எழுதிக் கொடுக்கிறான். கென்ட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்த சிற்றரசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் சமாதானப் பேச்சு என்று கூப்பிட்டு உட்கார வைத்து, ஹெங்கிஸ்ட் ஒரு குரல் கொடுத்ததும் அவன் ஆட்கள் காலணிக்குள் மறைத்து வைத்திருந்த கத்திகளை உருவி, 300 பிரிட்டன் பெரியவர்களைக் குத்திக் கொன்றுவிடுகிறார்கள். ராஜாவை மட்டும் பிணையாக வைத்துக்கொண்டு இன்னும் நிலம் பிடுங்குகிறார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். கேட்கிற யாரும் வோர்டிகெர்னைத்தான் திட்டுவார்கள். ஆனால் இதில் எந்தப் பகுதியை யார், எந்தக் காலத்தில் சேர்த்தார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால், குற்றப்பத்திரிகை கையில் பிய்ந்து வந்துவிடுகிறது.

முதல் சாட்சி கில்டாஸ், ஆறாம் நூற்றாண்டுப் பிரிட்டன் துறவி. அவர் எழுதியதை வரலாறு என்று சொல்ல முடியாது, அது ஒரு நீண்ட வசவு. தன் காலத்து ராஜாக்கள் ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கிழிக்கிறார், பாதிரிகளைக் கிழிக்கிறார், நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் சாக்சன்கள் என்கிறார். அதற்கு முன்கதையாகத்தான் 'செருக்குப் பிடித்த கொடுங்கோலன்' ஒருவன் அவர்களை அழைத்ததைச் சொல்கிறார். மூன்று கப்பல் அவரிடமே இருக்கிறது. ஹெங்கிஸ்ட் இல்லை, ஹோர்சா இல்லை, மகள் இல்லை, விருந்து இல்லை, கத்தி இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, வக்கீலாக நான் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான்: அந்த முடிவை ராஜா தனியாக எடுக்கவில்லை. அவனோடு சேர்ந்து ஆலோசனை சபை முழுக்கக் குருடாகிப் போனது என்றுதான் கில்டாஸ் எழுதுகிறார். பின்னால் வந்தவர்கள் சபையை வசதியாக விட்டுவிட்டார்கள்.

சபைக்காரர்கள்தான் அப்படி என்ன பெரிய தப்புச் செய்துவிட்டார்கள்? ஜெர்மானியப் படையை வைத்து எல்லையைக் காப்பது ரோமின் அன்றாட நடைமுறை. 306-இல் யார்க் நகரத்தில் முதலாம் கான்ஸ்டன்டைனைப் பேரரசனாக அறிவித்தபோது பக்கபலமாக நின்றவர்களில் ஒருவன் குரோக்கஸ் என்கிற அலமானி (ஒரு ஜெர்மானிய இனம்) ராஜா. 382-இல் கோத்துகள் என்கிற இன்னொரு ஜெர்மானிய இனத்தைப் பேரரசுக்குள் குடியேற்றினார்கள், 418-இல் தென்மேற்கு பிரான்ஸில் இன்னொரு கோத் கூட்டத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். கில்டாஸ் சாக்சன்களுடைய மாதாந்தரத் தானியத்துக்குப் பயன்படுத்தும் சொற்கள்கூட ரோமானிய ராணுவக் கணக்குச் சொற்கள்தான். ரோமானிய மேற்பார்வையில் பழகிய ஓர் அதிகார வர்க்கம், பாடப்புத்தகத்தில் இருந்ததைச் செய்தது, அவ்வளவுதான்.

பிரச்சினை சம்பளத்தில் வந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் முதல் சில வருடங்களுக்குப் பிறகு பிரிட்டனுக்குப் புது ரோமானிய நாணயம் வருவது ஏறக்குறைய நின்றேபோனது, உள்ளூரில் நாணயச் சாலையும் இல்லை. காசு இல்லாத ஊரில் படைக்குக் கொடுக்கத் தானியமும் ஆடு மாடும் நிலமும்தான் மிச்சம். கொடுப்பது போதவில்லை என்று சாக்சன்கள் கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை, ஒப்பந்தம் முறிந்தது என்று கொள்ளையில் இறங்கினார்கள். கில்டாஸ் சொல்வதைக் கோபத்தைக் கழித்துவிட்டுப் படித்தால் அது ஒரு கூலித் தகராறுதான். ரோமிடம் உதவி கேட்டு எழுதிய ஒரு மனுவையும் அவர் எடுத்துக் காட்டுகிறார். மூன்று முறை கான்சல் என்கிற ரோமின் உயர் பதவி வகித்த தளபதிக்கு என்று அதில் இருப்பதால், 446-இல் மூன்றாம் முறை அந்தப் பதவிக்கு வந்த ஏட்டியஸ்தான் அவர் என்று கணிக்கிறார்கள். 'காட்டுமிராண்டிகள் எங்களைக் கடலுக்குத் துரத்துகிறார்கள், கடல் எங்களைக் காட்டுமிராண்டிகளிடம் துரத்துகிறது, ஒன்று வெட்டுப்பட வேண்டும், இல்லையென்றால் மூழ்க வேண்டும்.' ஏட்டியஸ் அப்போது ஹூணர்களைச் சமாளிப்பதிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

இரண்டாவது சாட்சி பீட். 731-இல் எழுதி முடித்தவர், ஜாரோ மடத்துத் துறவி, சாக்சன்களைப் போலவே கடல் தாண்டி வந்த ஆங்கிள் இனத்தவர். வந்தவர்களின் வாரிசு என்பதால் அவருக்குச் சாக்சன்கள் மேல் கோபம் இருக்க நியாயமில்லை, உள்ளூர்ப் பழங்குடிகளான பிரிட்டன்கள் மேல்தான் கொஞ்சம் எரிச்சல். கில்டாஸை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் பெயர்களையும் ஆண்டையும் பொருத்துகிறார். வோர்டிகெர்ன், ஹெங்கிஸ்ட், ஹோர்சா, 449. ஆனால் பீட் கவனமான மனிதர், சகோதரர்களைப் பற்றிச் சொல்லும்போது 'என்று சொல்கிறார்கள்' என்று போட்டுவிடுகிறார். கென்ட் விஷயங்களில் அவருக்குத் தகவல் கொடுத்தது கேன்டர்பரி மடாதிபதி ஆல்பினஸ், ஆகவே இது கென்ட் அரண்மனையில் உலவிய குலக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் தரும் வம்சப் பட்டியலில் ஹெங்கிஸ்ட்டுக்கு நான்கு தலைமுறை மேலே உட்கார்ந்திருப்பது வோடன், பழைய ஜெர்மானியக் கடவுள். கிறிஸ்தவத் துறவி முகம் சுளிக்காமல் எழுதி வைக்கிறார்.

ஹெங்கிஸ்ட் என்றால் ஆண் குதிரை, ஹோர்சா என்றாலும் குதிரை. குதிரையோடு சேர்ந்த இரட்டைத் தெய்வங்கள் வேதத்தில் அசுவினிகளாகவும் கிரேக்கத்தில் காஸ்டர், பொல்லக்ஸாகவும் வருகிறார்கள், இவர்களும் அந்த வரிசையில் மனிதர்களாகிப்போன தெய்வங்களாக இருக்கலாம் என்று ஒரு வாதம் ரொம்ப நாளாக உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் கென்ட் ராஜகுலத்தின் பெயரில் இருக்கிறது. அவர்கள் தங்களை ஹெங்கிஸ்ட் வம்சம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவனுடைய மகன் என்று பீட் குறிப்பிடும் ஓயிஸ்க் பெயரால் ஓயிஸ்கிங்குகள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். நாட்டை வென்று கொடுத்த அப்பாவை விட்டுவிட்டு யாராவது பிள்ளை பெயரைக் குலப்பெயராக வைப்பார்களா? ஹெங்கிஸ்ட்டைப் பிற்பாடு யாரோ மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது சாட்சிதான் விஷமம் பிடித்த சாட்சி. 829, 830 வாக்கில் வேல்ஸின் குவினெத் நாட்டில் தொகுத்த பிரிட்டன்களின் வரலாறு ஒன்று இருக்கிறது, நென்னியஸ் எழுதியது என்பார்கள், அதற்கும் உத்தரவாதம் இல்லை. மகள், விருந்து, கத்தி எல்லாம் நமக்குத் தெரிந்தவரை முதல்முதலாக இங்கேதான் வருகிறது, அதாவது சம்பவம் நடந்து 380 வருடம் கழித்து. மகளுக்கு இன்னும் பெயர் இல்லை. ரொவீனா என்கிற பெயரை நாம் பார்ப்பது இன்னும் 300 வருடம் தாண்டி, 1136 வாக்கில் மன்மத் ஊர் ஜெஃப்ரி எழுதியதில்தான். ஒரு மாட்டுத்தோல் வளைக்கிற அளவு நிலம் போதும் என்று கேட்டு, தோலை மெல்லிய வாராகக் கிழித்துப் பெரிய இடத்தை வளைத்த தந்திரத்தையும் அவர் ஹெங்கிஸ்ட் தலையில் கட்டினார். அது கார்த்தேஜ் நகரை நிறுவிய டைடோ ராணியின் கதை, சுட்டதுதான்.

நென்னியஸ் தொகுப்புக்குத் திரும்புவோம். அதில் வோர்டிகெர்ன் சொந்த மகளையே கெடுத்தவன். எரிரி மலைகளில், அதாவது ஸ்னோடன் பக்கத்தில், கோட்டை கட்டப் போகிறான், கட்டுமானப் பொருளெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது, கீழே சிவப்பு நாகமும் வெள்ளை நாகமும் சண்டை போடுகின்றன என்று ஒரு பையன் சொல்லிக் கொடுக்கிறான். சிவப்பு பிரிட்டன்கள், வெள்ளை சாக்சன்கள். இன்றைய வேல்ஸ் கொடியில் இருக்கும் சிவப்பு டிராகனுக்கு இந்தக் கதையைத்தான் காட்டுவார்கள். ஆளைக் கொல்வதிலும் தொகுத்தவருக்குத் திருப்தி வரவில்லை. மூன்று விதமாகக் கொல்கிறார்: வானத்திலிருந்து நெருப்பு விழுந்து எரிந்தான், எல்லாரும் வெறுத்து ஒதுக்கியதால் ஊர் ஊராகத் திரிந்து நெஞ்சு வெடித்துச் செத்தான், பூமி பிளந்து விழுங்கியது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வெறுப்பு எதற்கு என்றால், பக்கத்து நாடான போவிஸைப் பார்க்க வேண்டும். லாங்கோலன் ஊருக்கு அருகே எலிசெக் தூண் என்று ஒரு கல் நிற்கிறது, போவிஸ் ராஜா கின்கென் தன் கொள்ளுத்தாத்தா நினைவாக, நென்னியஸ் தொகுப்பு வந்த ஏறக்குறைய அதே தலைமுறையில் நட்டது. எழுத்துகள் இப்போது படிக்க முடியாதபடி தேய்ந்துவிட்டன, நல்லவேளையாக 1696-இல் எட்வர்ட் லுய்ட் பிரதி எடுத்து வைத்தார். அதில் வோர்டிகெர்ன் ராஜகுலத்தின் மூதாதை. ரோமானியப் பேரரசனைக் கொன்ற மாக்சிமஸின் மகள் செவிராதான் அவன் மனைவி, அவர்களுடைய பிள்ளையைப் புனித ஜெர்மானஸ் ஆசீர்வதித்தார். நென்னியஸ் தொகுப்பில் வோர்டிகெர்னைத் துரத்தித் துரத்திச் சபிப்பவரும் அதே ஜெர்மானஸ்தான். ஒரே ஆள், ஒரே புனிதர், பக்கத்துப் பக்கத்து அரண்மனை, ஓரிடத்தில் பெருமை, இன்னோரிடத்தில் அசிங்கம். சாக்சன் மகளைப் பற்றி நமக்குக் கிடைத்த தூண் எழுத்தில் ஒரு வார்த்தை இல்லை. போட்டிக் குடும்பத்தின் பரம்பரையை நாறடிக்கிற வேலை இது என்பது என் கட்சி, இப்படி நினைக்கிற ஆய்வாளர்களும் உண்டு.

ஆங்கிலேயர் பக்கமும் யோக்கியம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெசெக்ஸ் என்கிற தென் இங்கிலாந்து நாட்டை ஆண்ட ஆல்ஃபிரட் ராஜா காலத்தில் தொகுத்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகளைப் படித்தால் வந்து இறங்கும் தலைவர்கள் எல்லாரும் ஒரே அச்சு. 477-இல் எல்லே மூன்று பிள்ளைகளோடு மூன்று கப்பலில் வருகிறான், சசெக்ஸ் பிறக்கிறது. பிள்ளைகளில் ஒருவன் சிஸ்ஸா, சிச்செஸ்டர் ஊர் தயார். இன்னொருவன் விலென்சிங், லான்சிங் ஊர் தயார். 501-இல் போர்ட் என்று ஒருவன் இரண்டு பிள்ளைகளோடு இரண்டு கப்பலில் போர்ட்ஸ்மத்தில் இறங்குகிறான். துறைமுகத்துக்கு ரோமானியர்கள் வைத்த லத்தீன் பெயரே அதுதான், அதிலிருந்து ஓர் ஆளையே செய்துவிட்டார்கள். எல்லே விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே எல்லா ராஜாக்களுக்கும் மேலாக இருந்த ஏழு பேரில் முதலாமவன் என்று பீட் அவனைச் சொல்கிறார், வெறும் கற்பனைக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா தெரியாது. 491-இல் அவனும் சிஸ்ஸாவும் ஆன்ட்ரிடா கோட்டையை, இன்றைய பெவென்சியை, முற்றுகையிட்டு உள்ளே இருந்த ஒரு பிரிட்டன்கூட மிஞ்சாமல் கொன்றார்கள் என்கிறது குறிப்பு.

செர்டிக் இன்னும் சுவாரசியம். 495-இல் ஐந்து கப்பலில் வந்தவன், வெசெக்ஸ் ராஜகுலத்தின் முதல்வன், ஆல்ஃபிரட்டின் மூதாதை. பிரச்சினை என்னவென்றால் செர்டிக் என்பது ஜெர்மானியப் பெயரே இல்லை, பிரிட்டன் பெயர். விருந்தில் வோர்டிகெர்னுக்கும் ஹெங்கிஸ்ட்டுக்கும் நடுவே மொழிபெயர்த்தவன் பெயரும் செரெடிக்தான், அதே பெயரின் பழைய வடிவம். கடல் கடந்து வந்த வெற்றிவீரனுக்கு உள்ளூர்ப் பெயர் எப்படி வந்தது? அம்மா உள்ளூர்க்காரியா, இல்லை ஆளே உள்ளூரா? அதோடு வைட் தீவைச் செர்டிக் குலத்தார் தங்கள் உறவினர்களான ஸ்டுஃப், விட்கார் இருவருக்கும் கொடுத்தார்கள் என்று ஆண்டுக்குறிப்பு ஒரு வரி போட்டுவைக்கிறது. ஆல்ஃபிரட்டின் தாய்வழித் தாத்தா அந்த ஸ்டுஃப், விட்கார் வழியில் வந்தவர் என்று ஆல்ஃபிரட்டின் வாழ்க்கையை எழுதிய அசெர் சொல்கிறார். அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே காட்சியில் வந்து இறங்கியாயிற்று. உண்மையில் வைட் தீவை 686-இல் கேட்வாலா என்கிற வெசெக்ஸ் ராஜா ரத்தக்களறியாகத்தான் பிடித்தான், அவன் பெயரும் பிரிட்டன் பெயரே.

சரி, மண் என்ன சொல்கிறது? நார்ஃபக்கில் ஸ்பாங் ஹில் என்ற இடத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சாம்பல் தாழிகளைத் தோண்டி எடுத்தார்கள். புதிய காலக்கணிப்பின்படி அந்த இடுகாடு 449-க்கு முன்பே, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் மிட்செல் கெம்பிள், எல்பே ஆற்றங்கரையில் ஸ்டாடேயில் கிடைத்த தாழிகளும் இங்கிலாந்துத் தாழிகளும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டு சொன்னார். வெசெர் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஃபெடெர்சென் வியெர்டே என்று ஒரு கிராமம், சதுப்பு நிலத்தில் மண்மேடு போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், ஐந்தாம் நூற்றாண்டிலேயே காலி செய்துவிட்டார்கள். ஆங்கிள்கள் கிளம்பிய ஊர் தன் காலம்வரை ஆளில்லாமல் கிடக்கிறது என்று பீட் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் வாழ முடியாமல் போனவர்கள், பெண்டு பிள்ளைகளோடு, ஆடு மாடுகளோடு, ஒருவர் போன வழியில் இன்னொருவர் என்று வந்திருக்கிறார்கள்.

2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. இங்கிலாந்தில் மட்டும் 278 பழைய எலும்புகளைச் சோதித்ததில், கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் அந்தக் கால மக்களுடைய மரபணுவில் 76 சதவீதம் வரை வட கடலின் அக்கரையிலிருந்து வந்தது. ஆண்களோடு பெண்களும் வந்திருக்கிறார்கள், அதுவும் ஒரே அலையாக இல்லை, சில நூற்றாண்டுகளாக. மூன்று கப்பல் கூலிப்படை இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய முடியாது. அதே சமயம் எல்லாரையும் வெட்டித் தள்ளியதாகவும் எலும்புகள் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஓக்கிங்டன் இடுகாட்டில் வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள், இரண்டும் கலந்தவர்கள் என்று எல்லாரையும் ஒரே முறையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். கென்ட்டில், ஹெங்கிஸ்ட்டின் சொந்த மண்ணில், அப்டௌன் இடுகாட்டில் ஏழாம் நூற்றாண்டுச் சிறுமி ஒருத்தியின் மரபணுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. அவள் எப்படி வந்தாள், யார் வீட்டுப் பேத்தி என்று எந்தப் பழங்கதையிலும் இடம் இல்லை.

அப்படியானால் பிரிட்டன்கள் எங்கே போனார்கள்? 690 வாக்கில் வெசெக்ஸ் ராஜா ஐனே போட்ட சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒருவனைக் கொன்றால் அவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய உயிர்விலை சாதாரணச் சாக்சன் குடியானவனுக்கு 200 ஷில்லிங், ஒரு ஹைடு (ஒரு குடும்பம் பிழைக்கிற அளவு) நிலம் வைத்திருக்கும் பிரிட்டனுக்கு 120. அதைவிடப் பெரிய ஆள், ஐந்து ஹைடு நிலக்காரன் என்றால் 600, அந்தத் தகுதியில் இருக்கும் சாக்சனுக்கோ 1,200. ஆக அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், நிலத்தோடும் வரியோடும், ஏறக்குறைய பாதி விலைக்கு. உயிருக்குப் பாதி விலை போடும் ஊரில் பிள்ளைக்கு எந்த மொழியைச் சொல்லித் தருவீர்கள், எந்தப் பெயரை வைப்பீர்கள்? இரண்டு மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பங்களும் சாக்சன்களாகி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஹெங்கிஸ்ட் புகழைக் கேட்டு, தங்கள் பாட்டன் பூட்டனை ஆண்ட வோர்டிகெர்னை ஏளனம் செய்து சிரித்திருக்கும்.

ஹெங்கிஸ்ட்டுக்கு மவுசு குறையவே இல்லை. 1949-இல் அவன் வந்து 1,500 வருடம் ஆயிற்று என்று டென்மார்க்கிலிருந்து 53 பேர் ஹுகின் என்று பெயர் வைத்த கப்பலில் கென்ட்டுக்கு வந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு வைக்கிங் கப்பலின் நகல் அது, ஹெங்கிஸ்ட்டுக்கு 400 வருடம் பிந்தியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கப்பல் பெக்வெல் விரிகுடாவில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்கக் கூத்துதான். 1776-இல் புது நாட்டுக்கு முத்திரை வரையச் சொன்னபோது தாமஸ் ஜெஃபர்சன் அதன் ஒரு பக்கத்தில் ஹெங்கிஸ்ட், ஹோர்சா உருவத்தைப் போடலாம் என்றார். நாம் அவர்கள் வழி வந்தவர்கள், அவர்களுடைய அரசியல் முறையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் சொன்ன காரணம், ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. யோசனை எடுபடவில்லை. இதே ஜெஃபர்சன் 1821-இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது, அப்பா வழி முன்னோர் வேல்ஸிலிருந்து, ஸ்னோடன் மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். வோர்டிகெர்ன் கோட்டை கட்டப் போன அதே மலைப்பக்கம்.